புதுப்பிப்பு: மந்திர தியானத்துக்கு கிளாஸ் போகணுமான்னு கேட்டிருந்தேனுங்களே

மந்திர தியானம், அதாவது ஒரே மந்திரத்த திருப்பித் திருப்பி சொல்லி உக்கார்றது, காசு கட்டி கத்துக்கணுமா, வீட்லயே பண்ணிக்கலாமான்னு இங்க கேட்டிருந்தேனுங்க. பாதிப்பேர் கிளாஸ் போங்கன்னீங்க, பாதிப்பேர் யூட்யூப் போதும்னீங்க. கோயமுத்தூர்லயே ஒருத்தர்கிட்ட போய் கத்துக்கிட்டு இப்ப தினமும் உக்கார்றேன், அதான் இந்த அப்டேட்.

மந்திரத்த கெட்டியா புடிச்சுக்கறது நம்ம வேலை இல்லீங்க. மனசு ஈபி பில்லுக்கு ஓடும், பொள்ளாச்சி கல்யாணத்துக்கு ஓடும், ஓடுனது தெரிஞ்சதும் சண்ட போடாம மெதுவா மந்திரத்துக்கு வர்றது, மறுபடி ஓடும் மறுபடி வர்றது, அவ்ளோதான் மொத்த வித்தையும். மொதல்ல வாய்விட்டு, அப்புறம் உதடு மட்டும் அசைய, கடைசீல மனசுக்குள்ள. வாசிகம், உபாம்சு, மானசம்னு சொல்றது இதத்தான். 108 மணி மாலை எண்ணிக்கைக்குத்தான், இல்லாமயும் ஆகும்.

ஆழ்நிலை தியானத்த பரப்புன மகரிஷி மகேஷ் யோகி வழில ஆளுக்கு ஒரு மந்திரம் தனியா குடுத்து வெளிய சொல்லாதீங்கம்பாங்க, தினம் 2 வேளை, வேளைக்கு 20 நிமிஷம். ஹார்வர்டு டாக்டர் ஹெர்பர்ட் பென்சன் 1970கள்லயே எந்த வார்த்தைய திருப்பித் திருப்பி சொன்னாலும் உடம்பு தளர்ந்து மூச்சு நிதானமாகும்னுட்டார். எனக்கு டாக்டர் பேச்சுதான் சரின்னு படுது. அமுச்சிகிட்ட (அம்மாவோட அம்மா) சொன்னா, "மருதமல முருகனுக்கு சரவணபவ சொல்றதுக்கு டாக்டரு எதுக்கு கண்ணு"ங்கறாங்க.

ரகசிய மந்திரத்துக்குன்னு காசு கேட்டா யோசிங்க, பக்கத்துல உக்காந்து திருத்தறதுக்கு தாராளமா குடுக்கலாம். தூக்கம் வருதுன்னு கேட்ட அண்ணாவுக்கு: சாப்பிட்ட கையோட உக்காராதீங்ணா, காலைல எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டு உக்காருங்க.