பழுது வந்த பிறகு ஓடாமல் வருமுன் காக்க எந்த மானிட்டரிங் மென்பொருள் நல்லது?

தனிஆள்
அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்தில் ஐடி பிரிவு என்றால் நான் ஒருவன்தான். யாருக்கு எது ஓடவில்லை என்று கேட்டுக்கொண்டு மேசை மேசையாகப் போவதிலேயே பொழுது முடிந்துவிடுகிறது. பழுதுகளை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னதால், கணினிகளைக் கவனித்து எச்சரிக்கை அனுப்பும் ஜாபிக்ஸ் என்ற மென்பொருளை நிறுவினேன். இப்போது எச்சரிக்கை மின்னஞ்சல்கள் நாள் முழுவதும் வந்து குவிகின்றன. சர்வரோ பழையபடியே நின்றுபோகிறது, நேற்றும் நின்றது. இதைவிட நல்ல மென்பொருள் எது? கட்டணம் இருந்தாலும் பரவாயில்லை. சற்று அவசரம்.

நிதானி
சர்வர் நின்றது என்று மட்டும் சொன்னால் எதுவும் சொல்ல இயலாது. அதில் என்ன ஓடுகிறது, நின்றபோது என்ன பிழைச்செய்தி வந்தது, எத்தனை கணினிகளைக் கவனிக்கிறீர்கள், வரும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் எதைப் பற்றியவை என்பதை எழுதுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, சர்வரை மறுபடி ஓடவைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?

வட்டுக்காவலன்
இது ஹார்ட் டிஸ்க் கோளாறாகத்தான் இருக்கும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அளவீடுகளில், கெட்டுப்போன பகுதிகளைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களையும் பாருங்கள். அவை பூஜ்யத்திலிருந்து நகரத் தொடங்கிவிட்டால் காத்திருக்காமல் டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும். வருமுன் காப்பது என்பது அங்கேதான் தொடங்குகிறது.

மேகநாதன்
சர்வரை அலுவலகத்தில் வைத்திருப்பதே பிரச்சினை. அனைத்தையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

மூத்தநிர்வாகி
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. நின்றதை ஓடவைப்பது ஒரு வேலை, ஏன் நின்றது என்று ஆராய்ந்து மறுபடி நிற்காமல் செய்வது வேறொரு வேலை என்பதை ஐடிஐஎல் என்ற ஐடி சேவை மேலாண்மை நெறிமுறையைப் படித்த எவரும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வார்கள். அந்த அடிப்படை இல்லாமல் எந்த மென்பொருளை வாங்கிப் போட்டாலும் மின்னஞ்சல்தான் வரும்.

நிதானி
@வட்டுக்காவலன், அந்த மூன்று எண்களும் பயனுள்ளவைதான். ஆனால் கூகுள் 2007 இல் தன் டிஸ்க்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே போயிருந்தன. ஸ்மார்ட் சுத்தமாக இருக்கிறது என்று நம்பி யாரும் பேக்கப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தனிஆள்
விவரம் கேட்டவர்களுக்கு: விண்டோஸ் சர்வர், அதில் எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், அதன் மேல் கணக்கு மென்பொருள். சுமார் அறுபது கணினிகள். டி டிரைவ் நிரம்பிவிடுகிறது. இணையத்தில் கிடைத்த கட்டளைகளை ஓட்டி எல்டிஎஃப் கோப்பை, அதாவது டேட்டாபேஸ் மாற்றங்களைப் பதியும் லாக் கோப்பை, ஷ்ரிங்க் செய்து சுருக்கினால் ஓடிவிடும், ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்கிறேன். தினமும் இரவில் ஃபுல் பேக்கப் ஓடுகிறது. விண்டோஸ் அப்டேட் எல்லாக் கணினிகளிலும் தானாக ஓடும்படி விட்டிருக்கிறேன்.

டிபிஏ_கயல்
காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. டேட்டாபேஸ் ஃபுல் ரிகவரி மாடலில் (லாக் பேக்கப் எடுக்கும்வரை எல்லா மாற்றங்களையும் லாக்கில் வைத்திருக்கும் அமைப்பு) இருந்தால், இரவுதோறும் ஃபுல் பேக்கப் எடுத்தாலும் டிரான்சாக்‌ஷன் லாக் காலியாகாது. தனியாக லாக் பேக்கப் எடுத்தால்தான் எழுதி முடித்த பகுதியை எஸ்கியூஎல் சர்வர் மறுபடி பயன்படுத்தும். அதுவரை எல்டிஎஃப் கோப்பு வளர்ந்துகொண்டே போய், டிரைவ் முடியும் இடத்தில் நிற்கும். உறுதி செய்துகொள்ள, சிஸ்.டேட்டாபேஸஸ் என்ற சிஸ்டம் வியூவில் லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே லாக்_பேக்கப் என்று வந்தால், லாக் பேக்கப்புக்காகத்தான் அது காத்திருக்கிறது என்று பொருள்.

பதினைந்து அல்லது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை லாக் பேக்கப் ஓடும்படி அமையுங்கள். கடைசி பேக்கப்புக்குப் பிறகு பதிந்த கணக்குகள் போனாலும் மறுபடி பதிந்துகொள்ளலாம் என்று நிர்வாகம் எழுத்தில் சொன்னால் லாக் பேக்கப் தேவைப்படாத சிம்பிள் மாடலுக்கு மாற்றலாம். கணக்கு மென்பொருள் என்பதால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஷ்ரிங்க் செய்வதை மட்டும் வழக்கமாக்காதீர்கள். கோப்பு மறுபடி வளர்ந்துவிடும், வளரும் ஒவ்வொரு முறையும் பயனாளர்களுக்கு வேகமும் குறையும்.

எச்சரிக்கை அமைப்பையும் மாற்ற வேண்டும். 90 சதவீதம் நிரம்பினால் மின்னஞ்சல் என்று வைத்திருப்பீர்கள். அது 4 டெராபைட் டிரைவில் 400 ஜிபி மிச்சமிருக்கும்போதே கூப்பாடு போடும். 100 ஜிபி டிரைவில் வெறும் 10 ஜிபி மிச்சமிருக்கும்போதுதான் வாய் திறக்கும். எவ்வளவு நிரம்பியது என்பதைவிட, இந்த வேகத்தில் போனால் எப்போது நிரம்பும் என்பதே உங்களுக்குத் தேவை. ஜாபிக்ஸிலேயே டைம்லெஃப்ட் என்ற கணிப்பு வசதி இருக்கிறது. புது மென்பொருள் வேண்டியதில்லை.

வட்டுக்காவலன்
அது இருக்கட்டும், அறுபது கணினிகளிலும் அப்டேட் தானாக ஓடுகிறது என்கிறாரே, அதை யாரும் கவனிக்கவில்லையா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நான் எந்த அப்டேட்டையும் குறைந்தது மூன்று மாதம் தள்ளித்தான் போடுவேன்.

மூத்தநிர்வாகி
மூன்று மாதமா! கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே அடைப்பு வெளியிட்டது, தாக்குதல் தொடங்கியது மே 12. உங்கள் கணக்குப்படி நடந்தவர்கள் எல்லாம் அன்று அகப்பட்டிருப்பார்கள்.

வட்டுக்காவலன்
நீலத்திரையில் நின்ற கணினிகளை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து அந்தப் பழுதான அப்டேட் கோப்பை நீக்கியவர்களிடம் போய் இதைச் சொல்லுங்கள்.

நிதானி
இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கிரவுட்ஸ்ட்ரைக்கில் வந்தது விண்டோஸ் அப்டேட்டே அல்ல, பாதுகாப்பு மென்பொருளின் உள்ளடக்கக் கோப்பு. மென்பொருளின் முந்தைய பதிப்பிலேயே இருக்கும்படி அமைத்து வைத்திருந்தவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. விண்டோஸ் அப்டேட் பொதுவாக மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகிறது. முதலில் நான்கைந்து கணினிகளில் போட்டு, சில நாள் பார்த்து, பிறகு மற்றவற்றுக்கு விட்டால் உங்கள் இருவரின் அச்சமும் பெருமளவு தீரும். சர்வரை மட்டும் கடைசியில், ஆள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் செய்யட்டும்.

@தனிஆள், மென்பொருள் தேடுவதற்கு முன் ஒரு விரிதாளைத் திறந்து, வரும் அழைப்புகளையெல்லாம் எழுதுங்கள்: தேதி, யார், என்ன பழுது, எப்படிச் சரிசெய்தீர்கள். கடைசிப் பத்தியில் ஒரே விடை மறுபடி மறுபடி வந்தால் அடுத்து எடுக்க வேண்டிய வேலை அதுதான். எல்டிஎஃப் ஷ்ரிங்க் அதில் முதலிடம் பிடித்திருக்கும். மின்னஞ்சல்களுக்கும் ஒரு சோதனை உண்டு. அதைப் படித்ததும் எழுந்து போய் எதையாவது செய்வீர்களா? செய்ய மாட்டீர்கள் என்றால் அது திரையில் இருந்தால் போதும், அஞ்சல்பெட்டிக்கு வர வேண்டாம். பிரிண்டரில் டோனர் குறைவதும் சர்வர் நிற்பதும் ஒரே வரிசையில் வந்தால் எவர் கண்ணும் களைத்துவிடும்.

காலாவதித் தேதி உள்ளவற்றை நாட்காட்டியில் ஏற்றுங்கள்: டொமைன், வாரன்டி, யுபிஎஸ் பேட்டரி, இணையதளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் எஸ்எஸ்எல் சான்றிதழ். சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 398 நாட்களிலிருந்து 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 என்று குறைகிறது. கையால் புதுப்பிக்கும் பழக்கம் அதற்குமேல் ஓடாது.

மேகநாதன்
கிளவுடில் இவை எதையும் பார்க்க வேண்டியதில்லை.

டிபிஏ_கயல்
கிளவுடில் வாடகைக்கு எடுத்த சர்வரிலும் இதே எல்டிஎஃப் இப்படியே வளரும், கூடவே மாதக் கட்டணமும் வளரும்.

தனிஆள்
அந்தப் பத்தியில் லாக்_பேக்கப் என்றுதான் இருந்தது. அரை மணிக்கு ஒருமுறை ஓடும்படி அமைத்துவிட்டேன், கோப்பு வளரவில்லை. டோனர் எச்சரிக்கைகளை நிறுத்திவிட்டேன். மற்றவற்றைப் பிறகு பார்க்கிறேன். அனைவருக்கும் நன்றி.

டிபிஏ_கயல்
மகிழ்ச்சி. அந்த லாக் பேக்கப் கோப்புகள் எந்த டிரைவில் போய் விழுகின்றன? அதே டி டிரைவ் என்றால் அது மறுபடி நிரம்பும்; டிஸ்க் போனால் பேக்கப்பும் சேர்ந்தே போகும்.

நிதானி
@தனிஆள், இதற்கு ஒரு வரி பதில் எழுதிவிட்டுப் போங்கள்.