சுற்றுவட்டத்துக்கு அனுசரணை கொடுப்பது எப்படி?

வெள்ளவத்தைக் கடைக்காரன்:
கடைக்குப் பக்கத்துச் சந்திச் சுற்றுவட்டம் பற்றையாகக் கிடக்கிறது. பராமரிப்புக்கு அனுசரணை கொடுக்க யோசிக்கிறேன். இங்கிலாந்தில் நகரசபைகளே இதற்கு ஒப்பந்தம் போடுமாம். கடைக்காரர் பணம் கொடுத்தால் தாழ்வான சின்னப் பலகையில் பெயர் வருமாம். லண்டன் மச்சான் சொன்னான். இங்கே யாரிடம் கேட்பது?

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. காலி வீதி ஏ2. அதில் என்றால் மாநகர சபையிடம் மட்டும் போய் நின்று பயனில்லை.

தோட்டக்கார ஐயா:
பலகை கிடக்கட்டும், தண்ணீர் யார் ஊற்றுவது? பெப்ரவரி வெயிலில் புல் கருகும். மே மழைக்கு அதே புல் முழங்கால் வரை வளரும். 'மாதம் ஒருமுறை வெட்டுதல்' என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடாதீர்கள், மழைக்காலத்துக்குக் காணாது. செவ்வரத்தையும் நட வேண்டாம். உயர்ந்துவிட்டால் வலப்பக்கத்தால் வரும் பஸ் தெரியாது.

வெள்ளவத்தைக் கடைக்காரன்:
சரி ஐயா. பெயர்ப்பலகைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டுமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
விளம்பரம் என்றால் கட்டணம் கேட்பார்கள். பராமரிப்புச் செலவில் கழித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் என்ன!