புதுப்பிப்பு: மொட்டே விடாத செவ்வந்தி ஒருவழியா பூத்துட்டு

கார்த்திகைல கேட்டிருந்தேம்லா, பாளையங்கோட்டை வீட்டுல செவ்வந்தி நல்லா தழைச்சு நிக்கி ஆனா ஒரு மொட்டு கூட இல்லன்னு, பாதி பேரு உரம் போடச் சொன்னீங்க. உரம் இல்ல அண்ணாச்சி, லைட்டு! செவ்வந்திக்கு ராத்திரி நீளமா, நல்ல இருட்டா இருந்தாத்தான் மொட்டு கட்டும், நான் தொட்டிய வச்சிருந்ததோ விடிய விடிய எரியுற வாசல் பல்புக்கு நேர் கீழ. புறவாசலுக்குத் தூக்கிட்டுப் போயி மழைத்தண்ணி தேங்காம செங்கல் மேல வச்சேன், ஒரு மாசத்துல மிளகு சைஸ்ல பச்சை மொட்டு, இப்ப தை பொறந்து பக்கத்து வீட்டுச் செடியெல்லாம் ஓஞ்ச பெறவு இங்கன மஞ்சளா 14 பூ. வெளி இதழ் மட்டும் லேசா பழுப்பு, பனின்னு நெனக்கேன். "ஏட்டி, பறிச்சிராத"ன்னு சொன்ன ஆச்சியே காலைல ரெண்டு பறிச்சு பிள்ளையாருக்கு வச்சிட்டா.