மாணவர் விசாவுக்கு நான்கு ஆண்டுக் கெடு தேவையா? (2025இல், வரைவு விதிக்குக் கருத்துக் கேட்கப்பட்ட நாட்களில் நடந்த விவாதம்)

நெய்தல்:
அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியிட்ட வரைவு விதியைப் பற்றி நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். எஃப் விசாவில் படிக்க வருவோரும் ஜே விசாவில் பரிமாற்றத் திட்டங்களுக்கு வருவோரும் படிப்போ பயிற்சியோ முடியும்வரை தங்கலாம் என்பதே இன்றுள்ள முறை. எங்கள் ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘டி/எஸ்’ (மாணவர் நிலை நீடிக்கும்வரை) என்ற இரண்டு எழுத்துகள்தான் இருக்கும். இந்த விதி நடைமுறைக்கு வந்தால், அதிகபட்சம் நான்கு ஆண்டுக்குள் ஒரு முடிவுத் தேதி அங்கே வரும். அதற்கு மேல் வேண்டுமானால் குடியேற்றத் துறைக்கு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திக் காத்திருக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் எஃப் விசாவினருக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசமும் 30 நாளாகும். முனைவர் பட்டம் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுவதே வழக்கமாக இருக்கும்போது, இளங்கலைக்குத் தைத்த சட்டையை ஆய்வு மாணவருக்கும் மாட்டுவது என்ன நியாயம்?

வைகைக்கரை:
தங்கள் கவலை புரிகிறது, ஆனால் தேதி குறிப்பதையே அநீதி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவன். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என் கோப்பை ஓர் அதிகாரி பிரித்துப் பார்க்கிறார். பிரிட்டனும் கனடாவும் மாணவருக்குத் தேதி குறித்தே அனுமதி தருகின்றன. 2000க்கும் 2010க்கும் இடையில் மாணவராக நுழைந்தவர்களில் 2,100க்கும் மேற்பட்டோர் இன்றும் மாணவராகவே நீடிப்பதாக அந்த வரைவு சொல்கிறது. 2011இல் கலிபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் விசா மோசடிக்காக மூடப்பட்டபோது, ஆந்திரப் பிள்ளைகள் சிலரின் காலில் கண்காணிப்புப் பட்டை மாட்டப்பட்டதை நான் மறக்கவில்லை. இடையில் யாராவது கேள்வி கேட்டிருந்தால் அந்த நிலை வந்திருக்குமா?

நெய்தல்:
ட்ரை-வேலிக்கு மாணவர் சேர்க்கும் அனுமதி கிடைத்து மூடப்படும்வரை சுமார் இரண்டே ஆண்டுகள். நான்கு ஆண்டுக் கெடு அங்கே எதைத் தடுத்திருக்கும்? தவறு செய்தது கல்லூரி, சோதிக்காமல் அனுமதி தந்தது அரசு. 2,100 பேரைச் சொன்னீர்கள். 2023-24இல் இங்கே பதிவான வெளிநாட்டு மாணவர்கள் 11 லட்சத்துக்கும் மேல், அவர்களில் இந்தியர் மட்டுமே 3.3 லட்சம்.

மூன்றாம் ஆண்டில் என் நெறியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினார். நான் படிகம் வளர்த்துக்கொண்டிருந்த உலையும் அவரோடு லாரியில் போய்விட்டது. எட்டு மாத அளவீடுகளைப் புது ஆய்வகத்தில் முதலிலிருந்து எடுத்தேன். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலக ஆலோசகர் புது நெறியாளரின் கடிதத்தைப் படித்துவிட்டு, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் முடிவுத் தேதியை ஒரே வாரத்தில் தள்ளிவைத்தார். அந்த முடிவை இனி என் துறையையே அறியாத ஓர் அதிகாரி எடுப்பார். கெடு தாண்டி விண்ணப்பமும் மறுக்கப்பட்டால் சட்டவிரோதத் தங்கல் கணக்கு தொடங்கும். அது 180 நாளைத் தாண்டியபின் வெளியேறினால் மூன்று ஆண்டும், ஓராண்டைத் தாண்டினால் பத்து ஆண்டும் திரும்பி வர முடியாது.

மலைச்சாரல்:
மருத்துவர்களையும் நினைத்துப் பாருங்கள். சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்த என் தங்கை ஜே-1 விசாவில் பொது மருத்துவம் மூன்று ஆண்டும் அடுத்து இதயவியல் மூன்று ஆண்டும் பயில வேண்டியவள். இப்போதே ஆண்டுதோறும் அவளுடைய டிஎஸ்-2019 என்ற பரிமாற்றத் திட்டத் தகுதிப் படிவம் புதுப்பிக்கப்படுகிறது. நான்கு ஆண்டுக் கெடு அவளுடைய இதயவியல் பயிற்சியின் நடுவில் வந்து விழும்.

வைகைக்கரை:
மருத்துவர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஆய்வு மாணவருக்கும் ஆறு ஆண்டு என்று எழுதலாம். ஆனால் தேதியே கூடாது என்பதை இன்னமும் ஏற்கவில்லை. மாணவரிடம் கட்டணம் வாங்கும் நிறுவனமே அவருடைய தங்கலையும் நீட்டிக்கும் ஏற்பாட்டில் அரசுக்கும் ஒரு கண் இருக்கத்தான் வேண்டும்.

நெய்தல்:
அரசின் கண்ணாக செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் கண்காணிப்புக் கணினிப் பதிவு 2003 முதல் இருக்கிறது. நான் முகவரி மாற்றினால் பத்து நாளுக்குள் அதில் ஏற வேண்டும். ஆறு ஆண்டு என்றாலும் நீட்டிப்பு ஆலோசகரிடமே இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. செப்டம்பர் 29 வரை பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். உலை போன கதையை இன்றிரவே அனுப்புகிறேன். மலைச்சாரல், உங்கள் தங்கையையும் எழுதச் சொல்லுங்கள்.