ஜோன் கொனரின் மரணம் தேவைதானா?

கேள்வி (கிளிநொச்சி): 1991இல் வந்த ‘டெர்மினேட்டர்’ திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தில், எதிர்காலத்திலிருந்து வந்த கொலை இயந்திரத்திடமிருந்து சாரா கொனர் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய மகன் ஜோனை, 2019இல் வெளியான ஆறாம் பாகமான ‘டார்க் ஃபேட்’ தொடக்கத்திலேயே கொன்றுவிடுவது பழைய கதைக்குச் செய்த அநீதியாக எனக்குப் படுகிறது. உங்கள் கருத்து என்ன?

மாங்குளம்: எனக்கும் அதே எண்ணந்தான், தம்பி. மனிதரை அழிக்க முயலும் செயற்கை அறிவான ஸ்கைநெட் போய், அதே வேலையைச் செய்யும் லீஜியன் வந்திருக்கிறது. பெயர் மாறியதே தவிர ஆபத்து மாறவில்லை.

முல்லைத்தீவு: நான் உடன்படவில்லை, தம்பி. மகனின் பாதுகாப்புக்காக ஒரு புகைப்படம்கூட எடுக்காமல் இருந்ததால் இப்போது அவன் முகமே மறந்துபோகிறது என்று சாரா சொல்லும் காட்சிக்காகவே இத்திரைப்படம் எனக்குப் பெரிது. இறுதிப் போரில் பிள்ளையோடு பிள்ளையின் படங்களையும் இழந்த எங்கள் தாய்மாருக்கு அந்த வேதனையை எவரும் விளக்கத் தேவையில்லை. சாராவாக வரும் லிண்டா ஹமில்டன் அதை அழாமலே நடித்திருக்கிறார். மேலும், இப்பாகத்தில் இயந்திரம் கொல்லத் தேடும் இளம்பெண் டானி, வருங்காலத் தலைவனின் தாயாக அல்ல, தானே தலைவியாக வருகிறாள். இந்த மாற்றத்துக்கு ஜோன் இல்லாத உலகம் அவசியமாயிற்று.

கிளிநொச்சி: அக்காட்சியை ஏற்கிறேன், அக்கா. ஆனால் ஜோனைக் கொன்ற இயந்திரமே பின்னர் மனச்சாட்சி பெற்று, ஒரு குடும்பத்தைப் பேணி வாழ்வதையும், சாரா அதனுடன் சேர்ந்து போரிடுவதையும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.