"வரி பிசகாமல் திறக்கும்" என்று எழுதிய கட்டற்ற தோழருக்கு ஒரு கேள்வி

அச்சுக்கோவை எழுதியது:
லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில் எழுதி, அதன் இயல்பான ஆவண வடிவமான ஓடிடியில் சேமித்த கோப்பு விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் "வரி பிசகாமல்" திறக்கும் என்றும், இதை மறுப்பவர்கள் கட்டற்ற மென்பொருளைத் தொட்டுப் பார்க்காதவர்கள் என்றும் கட்டற்ற தோழர் வேறோர் இழையில் எழுதியிருக்கிறார். நான் பல ஆண்டுகளாக அதே மென்பொருளில்தான் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்து வருகிறேன். ஆகவே அந்த வசை எனக்குப் பொருந்தாது. விண்டோஸில் நிர்மலா யூஐ எழுத்துருவில் அமைத்த ஓர் அத்தியாயத்தை லினக்ஸ் கணினியில் திறந்தபோது, ஒரு பத்தியின் கடைசி வரியில் இருந்த "கொண்டிருந்தார்கள்" என்ற சொல் இடம் போதாமல் கீழே இறங்கித் தனி வரியாகி, அந்த வரி அடுத்த பக்கத்துக்குப் போய், அங்கிருந்து அத்தியாயம் முடியும்வரை எல்லாமே நகர்ந்துவிட்டது. கையால் தொகுத்த சொல்லடைவின் பக்க எண்கள் பாழாயின. வரி பிசகியதா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

கட்டற்ற தோழன் எழுதியது:
நிர்மலா யூஐ என்பது விண்டோஸ் 8 உடன் வந்த, மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமான எழுத்துரு. அது லினக்ஸில் இல்லை. இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாக, கணினியில் இருக்கும் நோட்டோ சான்ஸ் தமிழையோ லோகித் தமிழையோ எடுத்து உரையைக் காட்டுகிறது மென்பொருள். எழுத்துகளின் அகலம் வேறாகும்போது வரி நகரத்தான் செய்யும். தனியுரிம எழுத்துருவைத் தாங்களே தேர்ந்தெடுத்துவிட்டுப் பழியைக் கட்டற்ற மென்பொருளின் தலையில் போடுவது நியாயமன்று. ஓடிடி திறந்த தரம். 2006இலேயே பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓ ஏற்றுக்கொண்ட வடிவம். கோப்பு திறந்தது, ஓர் எழுத்தும் சிதையவில்லை, ஒரு சொல்லும் தொலையவில்லை. நான் சொன்னது அதைத்தான்.

அச்சுக்கோவை எழுதியது:
தாங்கள் சொன்னது "வரி பிசகாமல்" என்று. அந்தச் சொற்கள் இன்னும் அந்த இழையில் அப்படியே இருக்கின்றன. கோப்பு திறக்காது என்று நான் எங்கும் எழுதவில்லை, எழுத்து சிதைந்தது என்றும் எழுதவில்லை. வரி பிசகியதா?

நிரலாளன் எழுதியது:
இருவரும் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். முன்பு இந்த மென்பொருள் விண்டோஸில் யூனிஸ்கிரைப், மேக்கில் கோர்டெக்ஸ்ட், லினக்ஸில் ஹார்ஃப்பஸ் என ஒவ்வோர் இயங்குதளத்திலும் வெவ்வேறு நிரல் கொண்டு எழுத்துகளைக் கோத்தது. அப்போது எழுத்துரு ஒன்றாக இருந்தாலும் வரி முறிவு வேறுபட வாய்ப்பிருந்தது. 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து மூன்றிலும் ஹார்ஃப்பஸ் மட்டுமே அந்த வேலையைச் செய்கிறது. மேலும், 2013இல் வந்த 4.1 பதிப்பிலிருந்தே எழுத்துருவைக் கோப்புக்குள் பொதித்து அனுப்பும் வசதி இருக்கிறது. கோப்பின் பண்புகளுக்குள் போய் எழுத்துரு என்ற பகுதியில் ஒரு பெட்டியைத் தேர்வு செய்தால் போதும். எழுத்துரு இல்லாத கணினியில் அதன் பெயர், கருவிப்பட்டையில் உள்ள பெட்டியில் சாய்வெழுத்தாகத் தெரியும். அதை அச்சுக்கோவை கவனித்திருக்கலாம்.

அச்சுக்கோவை எழுதியது:
நிரலாளருக்கு நன்றி; அவர் எழுதியது தோழருக்கு எதிரான சாட்சியம் என்பதை அவர் உணர்ந்தாரா என்று தெரியவில்லை. மூன்று இயங்குதளங்களில் மூன்று நிரல்கள் எழுத்தைக் கோத்துக்கொண்டிருந்த காலத்திலும் இதே தோழர் இதே வாக்கியத்தை இதே உறுதியோடு எழுதி வந்தார். அப்போது கேள்வி கேட்டவர்களையும் அறியாதவர்கள் என்றே அழைத்தார். அந்தக் காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொதித்து அனுப்பும் வசதியை நான் அறிவேன். அது இயல்பாக அணைந்தே கிடக்கிறது. கோப்புக்குக் கோப்பு நாமே தேடிப் போய் இயக்க வேண்டும். உரிமம் பொதிக்க இடம் தராத எழுத்துருவாக இருந்தால் அதுவும் நடக்காது. சாய்வெழுத்தில் ஒரு பெயரைக் காட்டுவது எச்சரிக்கை ஆகாது. பக்கம் நகர்ந்த பிறகு காரணம் தேடுபவனுக்கு மட்டுமே அது கண்ணில் படும். ஆங்கிலத்தில் எழுதுபவனுக்கு இந்தத் துன்பம் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் அதே அகலம் கொண்ட லிபரேஷன் எழுத்துருக்கள் 2007 முதல் இருக்கின்றன. காலிப்ரிக்கு இணையாகக் கார்லிட்டோ இருக்கிறது. எழுத்துரு மாறினாலும் வரி அசையாது. அவற்றில் தமிழ் எழுத்துகளே இல்லை. நிர்மலா யூஐக்கோ விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துருவான லதாவுக்கோ அப்படி அகலம் ஒத்த கட்டற்ற எழுத்துரு ஒன்றைத் தோழர் காட்டட்டும். பிறகு "வரி பிசகாமல்" என்று எழுதட்டும்.

கட்டற்ற தோழன் எழுதியது:
அகலம் ஒத்த தமிழ் எழுத்துரு வேண்டுமென்றால் உருவாக்க முன்வர வேண்டும். மூல நிரல் திறந்திருக்கிறது, வழு அறிக்கை எழுதும் இடம் திறந்திருக்கிறது. குறை சொல்லும் நேரத்தில் பாதியை அங்கே செலவிட்டிருந்தால் எல்லோருக்கும் பயன்பட்டிருக்கும். மொழிபெயர்ப்பிலும் சோதனையிலும் உழைப்பவர்களைப் பார்த்து, ஒரு வரி நகர்ந்துவிட்டது என்று கூவுவது எனக்கு வேதனை தருகிறது.

அச்சுக்கோவை எழுதியது:
பல ஆண்டுகள் அதிலேயே உழைத்துப் புத்தகம் செய்பவனிடம் உழைப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். உழைப்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் யாரும் வரி பிசகாது என்று வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் தாங்கள்.

வெள்ளிமீன் எழுதியது:
வரியைப் பற்றியே பேசுகிறீர்கள். மேக்கில் கோப்பின் பெயரே பிசகும். பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, "கொடி" என்று பெயரிட்டால் அதிலுள்ள ஒகர உயிர்க்குறியை அப்படியே சேமிக்காது. எகரக் குறி, கால் என இரண்டு ஒருங்குறிப் புள்ளிகளாகப் பிரித்தே சேமிக்கும். அந்தக் கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுபோனால், அங்கே ஏற்கெனவே இருக்கும் "கொடி" வேறு, இது வேறு. ஒரே கோப்புறையில் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பெயர்கள் அருகருகே இருக்கும். ஆவணத்துடன் இணைத்திருந்த படங்கள் காணாமல்போனதற்கு இதுவே காரணம் என்று கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமன்று.

கட்டற்ற தோழன் எழுதியது:
அது ஆப்பிளின் கோப்பு முறைமை செய்த வேலை. அதற்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் என்ன தொடர்பு? வெள்ளிமீன் எந்த இழைக்கு வந்தாலும் மேக்கின் சிக்கலைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவைப்பது வழக்கமாகிவிட்டது. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைப் பற்றிய விவாதத்திலும் இதையே செய்தார்.

வெள்ளிமீன் எழுதியது:
இன்க்ஸ்கேப் பற்றி நான் சொன்னது முழுக்க உண்மை. 2020இல் 1.0 பதிப்பு வரும்வரை மேக் பயனர்கள் எக்ஸ்குவார்ட்ஸ் என்ற துணை மென்பொருளைத் தனியாக நிறுவித்தான் அதை இயக்க வேண்டியிருந்தது. கட்டளை விசையை அழுத்த வேண்டிய இடத்தில் கண்ட்ரோலை அழுத்த வேண்டியிருந்தது. அதையும் தாங்கள் "எல்லா இயங்குதளத்திலும் இயங்குகிறது" என்ற பட்டியலில் சேர்த்திருந்தீர்கள். இயங்கியது, ஆனால் மேக்கில் அது விருந்தாளியாகத்தான் இருந்தது.

அச்சுக்கோவை எழுதியது:
இன்க்ஸ்கேப்பை விடுங்கள். கோப்பின் பெயர்ச் சிக்கலும் முக்கியமானதே, வேறோர் இழையில் பேசலாம். டெக்கைப் பாருங்கள். 1978இல் முதன்முதலாக வெளிவந்த, பக்கம் அமைக்கும் கட்டற்ற மென்பொருள். எந்தக் கணினியில் ஓட்டினாலும் ஒரே வரி முறிவு, ஒரே பக்கம் என்பதே அதன் அடிப்படை நோக்கம். அப்போது செய்ய முடிந்ததை இப்போது செய்ய முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

நிரலாளன் எழுதியது:
டெக் அதைச் சாதித்தது தன் எழுத்துருக்களையும் அவற்றின் அகல அளவுகளையும் தன்னுடனேயே கொண்டுவந்ததால். கணினியில் இருக்கும் எழுத்துருவை நேரடியாக எடுக்கும், டெக்கின் பிற்கால வடிவமான ஜீடெக்கில் தாங்கள் நிர்மலா யூஐ போட்டு எழுதினால், அந்த எழுத்துரு இல்லாத லினக்ஸில் தங்கள் சொல்லடைவுக்கு அங்கும் இதே கதிதான். காரணம் மறுபடியும் எழுத்துருவில்தான் வந்து நிற்கிறது.

அச்சுக்கோவை எழுதியது:
இல்லாத எழுத்துருவைக் கேட்டால் ஜீடெக் பிழை சொல்லும். வாயை மூடிக்கொண்டு வேறொன்றை எடுத்துப் போட்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோல் பக்கத்தைக் காட்டாது. என் வழக்கு முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கட்டற்ற தோழன் எழுதியது:
அச்சுக்குப் போகும் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

அச்சுக்கோவை எழுதியது:
மெய்ப்புப் பார்ப்பவரும் ஆசிரியரும் திருத்த வேண்டிய கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதில்லை. ஒருவர் விண்டோஸிலும் ஒருவர் லினக்ஸிலும் ஒரே கோப்பில் வேலை செய்வதற்காகத்தான் எல்லா இயங்குதளங்களிலும் ஓடும் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம். பிடிஎஃப் போதும் என்றால் அந்தத் தேர்வுக்கே பொருளில்லை.

கட்டற்ற தோழன் எழுதியது:
இரண்டு கணினிகளிலும் நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவிவிட்டுப் பேசுங்கள். அதுவரை என் வாக்கியத்தில் ஓர் எழுத்தையும் நான் மாற்றப் போவதில்லை.

அச்சுக்கோவை எழுதியது:
நோட்டோவுக்கும் பதிப்புகள் உண்டு. ஒரு லினக்ஸ் வழங்கலின் பொதியில் பழைய பதிப்பும் மற்றொன்றில் புதிய பதிப்பும் இருக்கலாம். பெயர்ப் பெட்டியில் இரண்டும் ஒரே பெயரில், நேரெழுத்தில்தான் தெரியும். உள்ளே அகல அளவு மாறியிருந்தால் யார் எச்சரிப்பார்கள்?

கட்டற்ற தோழன் எழுதியது:
பதிப்பையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் விளக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நிரலாளன் எழுதியது:
பதிப்பை ஒன்றாக்கிய பிறகும் வரி உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். எழுத்துருக் கோப்புக்குள் உயர அளவுகள் மூன்று தொகுதிகளாக இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்.

அச்சுக்கோவை எழுதியது:
தோழர் அதையும் படிக்கட்டும்.