பழைய ஸ்பார்க் மெஷின்: டெஸ்ட் கட்டில் ஆழம் குறைகிறது, மூலை கருகுகிறது. வாங்கலாமா?

கேள்வி (கோவை, மோல்டு பட்டறை)

பிளாஸ்டிக் மோல்டு செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. மில்லிங், லேத், சர்ஃபேஸ் கிரைண்டர் இருக்கிறது. ஸ்பார்க் வேலையை (ஆயிலுக்குள் எலக்ட்ரோடுக்கும் ஸ்டீலுக்கும் நடுவே மின்பொறி விட்டு அரித்தெடுப்பது, ஈ.டி.எம்.) மட்டும் வெளியே கொடுக்கிறோம். அங்கே வரிசையில் காத்திருந்தே டெலிவரி தள்ளிப்போகிறது. வேலை என்று பார்த்தால் ரிப், கூர் மூலை, எழுத்து, அவ்வளவுதான். காப்பர் எலக்ட்ரோடு 20-க்கு 10 மி.மீ.யைத் தாண்டுவது அபூர்வம்.

இரண்டு மெஷின் பார்த்திருக்கிறேன். ஒன்று 25 ஆம்பியர் இசட்என்சி (ஆழத்தை மட்டும் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும்), புனேயில் செய்தது. இன்னொன்று 50 ஆம்பியர், பழைய ஹைட்ராலிக் சர்வோ (ஆயில் அழுத்தத்தில் எலக்ட்ரோடை ஏற்றி இறக்குவது), விலை நன்றாகவே குறைவு. முதல் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். 5 மி.மீ. செட் செய்தோம், டெப்த் மைக்ரோமீட்டரில் 4.85 தான் வந்தது. ஒரு மூலையில் கருப்புப் புள்ளி, நகத்தால் தடவினால் குழி தெரிகிறது. குவில் (எலக்ட்ரோடைப் பிடித்து ஏறி இறங்கும் தலை) வேறு சும்மா சும்மா மேலே போய்வந்தது. ஆயில் பழசு, வேறொன்றும் இல்லை என்கிறார் விற்பவர். ஜெனரேட்டரே (ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி) போயிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் (அம்பத்தூர், டூல்ரூம்)

முதலில் ஆம்பியர் கணக்கு. காப்பர் எலக்ட்ரோடுக்கு ஒரு சதுர செ.மீ. முகத்துக்குச் சுமார் 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 20-க்கு 10 எலக்ட்ரோடு 2 சதுர செ.மீ., அதாவது 20 ஆம்பியர். மெல்லிய ரிப்புக்கு அதில் பாதிகூட வேண்டாம். 50 ஆம்பியர் வாங்கினாலும் அந்தப் பலத்தை நீங்கள் தொடவே போவதில்லை. ஹைட்ராலிக் சர்வோவில் சீல் கசிவு, ஆயில் சூடு என்று தனி வேலை வைக்கும். விலையைப் பார்த்து மயங்காதீர்கள், அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த 4.85. எலக்ட்ரோடு ஜாபை (வெட்டப்படும் ஸ்டீலை) தொட்ட இடத்தை ஜீரோ வைத்து 5 இறக்கினால், ஸ்பார்க் இடைவெளியும் சேர்ந்து குழி 5-ஐவிடக் கொஞ்சம் ஆழமாக வரவேண்டும். உங்களுக்குக் குறைந்திருக்கிறது என்றால் ஒன்று எலக்ட்ரோடு தேய்ந்தது, இல்லை குவில் காட்டும் அளவு பொய். இதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். கட் போடும் முன்னும் பின்னும் எலக்ட்ரோடு நீளத்தை மைக்ரோமீட்டரில் பிடியுங்கள். ஸ்டீலில் ரஃப் கட்டுக்குக் காப்பரை பாசிட்டிவில் வைத்து, ஆன் டைம் (ஒவ்வொரு பொறியும் நீடிக்கும் நேரம்) நீளமாகக் கொடுத்தால் தேய்மானம் 1 சதவீதத்துக்குள் நிற்கும். 5 மி.மீ.க்கு 0.05-க்கு மேல் தேய்ந்தால் போலாரிட்டியை மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எலக்ட்ரோடு தேயவில்லை, ஆழம் மட்டும் குறைகிறது என்றால் ஸ்க்ரூவிலோ ஸ்கேலிலோ கோளாறு. ஹோல்டரில் டயல் வைத்து, கீழே ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுள்ள ஸ்டீல் கட்டை) போட்டு, டிஸ்பிளே 10 காட்டும்போது உண்மையிலேயே 10 நகர்கிறதா என்று பல தடவை பாருங்கள். டேபிளில் ரைட் ஆங்கிளை நிறுத்தி, குவில் இறங்கும்போது டயல் எவ்வளவு ஓடுகிறது என்பதையும் எக்ஸ், ஒய் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும். கோணல் குவிலில் ஆழமான ரிப் நேராக வராது.

பதில் (ஓசூர், மெஷின் சர்வீஸ்)

கருப்புக் குழி ஆர்க் அடித்ததன் அடையாளம். கழிவு வெளியேறாமல் ஒரே இடத்தில் ஸ்பார்க் நின்றால் அப்படி ஆகும். அழுக்கு ஆயில், பிளஷிங் (ஆயிலைப் பீச்சிக் கழிவைத் தள்ளுவது) போதாமை, ஆஃப் டைம் (இரண்டு பொறிகளுக்கு நடுவே ஓய்வு) ரொம்பக் குறைவு, இந்த மூன்றிலும் வரும். இது மட்டும் வைத்து ஜெனரேட்டரைக் குற்றம் சொல்லமுடியாது. குவில் சீரான இடைவெளியில் தூக்கினால் அது ஜம்ப் செட்டிங், கழிவு வெளியேறத்தான். தாறுமாறாக நடுங்கினால்தான் கவலை. ஆஃப் டைமைக் கூட்டி, கேப் வோல்ட்டேஜை (ஸ்பார்க் இடைவெளியில் உள்ள வோல்ட்டேஜ்) ஏற்றி, பிளஷிங்கை எலக்ட்ரோடு ஓரத்துக்குத் திருப்பி வையுங்கள். அப்போதும் நடுங்கினால் சர்வோ கார்டில் (குவிலை நகர்த்தும் சர்க்யூட்) கோளாறு.

ஜெனரேட்டரைப் பார்க்க வேறு வழி. கரண்ட் செட்டிங்கை ஒவ்வொரு படியாக ஏற்றி அம்மீட்டரைப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் முள் கொஞ்சமாவது உயரணும். ஒரு படியில் அசையாமல் நின்றால் அந்த டிரான்சிஸ்டர் வரிசை செத்திருக்கிறது.

எலக்ட்ரோடும் ஸ்டீல் துண்டும் உங்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் தயாராக வைத்திருக்கும் டெமோவில் எந்த மெஷினும் நன்றாகத்தான் ஓடும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போலாரிட்டி நெகட்டிவில்தான் இருந்தது. மாற்றிப்போட்டதும் ஆழம் 5.04. டயலில் 10 மி.மீ. நகர்வு 0.01-க்குள் திரும்ப வருகிறது, குவிலும் நேர். ஆஃப் டைம் கூட்டியதும் நடுக்கம் நின்றது. ஆனால் கரண்ட் செட்டிங்கில் ஆறாவது படியில் அம்மீட்டர் முள் ஏறவில்லை. டேங்க் கதவு ரப்பரிலும் லேசாகக் கசிவு.

பதில் (ஓசூர், மெஷின் சர்வீஸ்)

அப்படியென்றால் வாங்கலாம். மெஷின் சீரியல் நம்பரைச் சொல்லி, ஆறாவது படிக்கான டிரான்சிஸ்டர் கார்டு இன்னும் கிடைக்கிறதா, என்ன விலை என்று தயாரித்த கம்பெனியிலேயே கேளுங்கள். கிடைக்கும் என்றால் கார்டு, கேஸ்கெட், ஃபில்டர், புது ஆயில் எல்லாவற்றையும் கூட்டி விலையில் கழியுங்கள். கார்டு கிடையாது என்றால் இன்னொரு மெஷின் தேடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஃப்ளோட் ஸ்விட்ச் பார்த்தே ஆகவேண்டும். ஸ்பார்க் ஓடும்போது பக்கத்தில் தீயணைப்பானோடு நின்று ஆயிலை மெதுவாக இறக்குங்கள். ஜாபுக்கு மேல் 40 மி.மீ. ஆயில் இருக்கும்போதே மெஷின் தானாக நிற்கவேண்டும். சில இடங்களில் இந்த ஸ்விட்ச்சை ஷார்ட் செய்து வைத்திருப்பார்கள். தீப்பிடிப்பது அங்கேதான். செலவு குறையும் என்று யார் சொன்னாலும் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். 40 டிகிரியை ஒட்டியே அதன் ஆவி தீப்பிடிக்கும்.

லாரியில் ஏற்றும்போது ஆயிலை முழுதாக வடித்துவிட்டு, குவிலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, டேபிளையும் லாக் செய்யச் சொல்லுங்கள். இறக்கியதும் லெவல் பார்த்து, எர்த்திங்கைத் தனியாகப் போட்ட பிறகு சப்ளை கொடுங்கள்.